புதுச்சேரிக் கடற்கரையின் மணலை எடுத்தது யார்?

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு முதல் தடவை வருகிற வெளியூர்க்காரர் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "கடல் இருக்கு, ரோடு இருக்கு, பீச் எங்கே?" சாலையை ஒட்டி நெடுகக் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அலை அவற்றில் மோதித் திரும்புகிறது. ஐம்பது, அறுபது வயது தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்கு இதே இடத்தில் கால் புதையப் புதைய நடந்த மணல் நினைவிருக்கும். சில ஆண்டுகளாகத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம். முதலில், போன மணல் எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும். புவி வெப்பமாதலால் கடல் மட்டம் உயர்ந்துவிட்டது என்பார்கள். 2004 சுனாமி வாரிக்கொண்டு போய்விட்டது என்பார்கள். வருடா வருடம் வரும் புயல்கள் அரித்துவிட்டன என்பார்கள். மூன்றும் உண்மையில் நடந்தவைதான். ஆனால் மணல் போனதற்கு மூன்றில் எதுவும் முதல் காரணம் இல்லை.

இதை யார் வேண்டுமானாலும் நேரில் சோதித்துப் பார்க்கலாம். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகம் இருக்கிறது. அதன் தெற்கே வீராம்பட்டினம். அங்கே கரை அகலமாக விரிந்து கிடக்கிறது. படகுகளை வரிசையாக ஏற்றி நிறுத்திய பிறகும் வலை உலர்த்த இடம் மிச்சமிருக்கும். அங்கிருந்து கிளம்பி துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே நகரத்துக்குள் வாருங்கள். கடற்கரைச் சாலை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போகப் போகக் கல்தான் கரை. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். இரண்டையும் தொடுவது ஒரே கடல். கடல் மட்டம் உயர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் உயரும். சுனாமி இரண்டு பக்கமும் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலும் இரண்டு பக்கத்தையும் அடித்துப் புரட்டியது. அப்படியிருக்க ஒரு பக்கம் கரை வளர்ந்து மறுபக்கம் தேய்கிறது என்றால், காரணத்தை நடுவில் நிற்பவற்றில்தான் தேட வேண்டும். நடுவில் நிற்பவை துறைமுகத்தின் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். 1980-களின் பிற்பாதியில் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டவை.

கடல் மட்டத்தின் பங்கையும் கணக்குப் போட்டுவிடலாம். செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய 1993-இலிருந்து இன்றுவரை உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறியிருப்பது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் இதைவிடப் பல மடங்கு ஏறி இறங்குகிறது. ஒரு நகரத்தின் கடற்கரை முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் அந்தப் பத்து சென்டிமீட்டர் விழுங்கியிருக்க முடியாது. வரப்போகும் காலத்துக்குக் கடல் மட்டம் பெரிய கவலைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடந்து முடிந்ததை அதன் தலையில் கட்டிவிட்டால் உண்மையான காரணம் தப்பித்துவிடும்.

மணல் நடக்கிற பாதை

கரையில் நின்று பார்க்கும்போது அலை நேராக வந்து நேராகத் திரும்புவதுபோல் தெரியும். ஒரு காய்ந்த சவுக்குக் குச்சியை அலை விளிம்பில் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கவனித்தால் வேறொன்று தெரியும். அலை சற்றுச் சாய்வாக வந்து குச்சியைச் சாய்வாகவே மேலே தள்ளும். திரும்பும் நீரோ சரிவில் நேராக இறங்கும். மறுபடி சாய்வாக ஏற்றம், நேராக இறக்கம். இப்படியே குச்சி கரையோரமாக நகர்ந்து போய்விடும். குச்சிக்கு நடப்பதுதான் மணலுக்கும் நடக்கிறது. பத்து வினாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 8,640 அலைகள். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் மணலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் போகிறது. கரையில் நம் கண்ணுக்குத் தெரிவது இதில் சிறு பகுதி. அலை முறிந்து நுரைக்கும் அந்தப் பட்டை முழுவதிலும், நீருக்கடியில், மணல் கலங்கிக் கலங்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் காற்றும் அலையும் முடிவு செய்கின்றன. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை இந்தக் கரைக்குத் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அலை வருகிறது. மணல் வடக்கே போகிறது. மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்ததும் எல்லாம் திரும்பும். வடகிழக்கிலிருந்து அலை வரும், மணல் தெற்கே இறங்கும். ஆனால் அந்தக் காலம் குறுகியது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால், வடக்கே போவது மிக அதிகம், திரும்பி வருவது குறைவு.

வடக்கே போகும் அந்த மிச்சம் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். ஒரு லட்சம் கன மீட்டர் என்பது சுமார் 35,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் ஏற்றுகிற டிப்பர் லாரியில் அள்ளினால் கிட்டத்தட்ட 12,000 நடை. அப்படிச் சில மடங்கு மணல், ஒவ்வொரு ஆண்டும், ஓசையில்லாமல் கடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கும் அங்கிருந்து மரக்காணம் பக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் எந்தக் காலத்திலும் அங்கேயே தங்கியிருந்த மணல் இல்லை. போனது போலவே வந்தும் கொண்டிருந்ததால் கரை நின்றது.

இந்தப் பாதைக்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி அங்கேயே சேரும். வடக்கே அலை தன் வேலையை நிறுத்தாது. இருக்கிற மணலை எப்போதும்போல வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். வரவு நின்று செலவு நிற்காத கரை தேய்கிறது.

சுவர் கட்டியவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். தமிழ்க் கரையிலேயே அதற்கு நூறு ஆண்டுக்கு முந்தைய முன்மாதிரி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. அவற்றின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்று நாம் பார்க்கும் அகலமான மெரினா உருவானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது. மெரினாவின் அழகைப் பேசும்போது அதற்கு வடசென்னை கொடுத்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். புதுச்சேரித் துறைமுகம் திட்டமிடப்பட்டபோது இதை யோசிக்காமலும் இல்லை. தெற்கே சேரும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. சுவர் நின்றது. மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை தேவைப்பட்ட அளவில் தொடர்ந்து நடக்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரையின் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கல் நகர்த்திய அரிப்பு

கரை தேய்ந்ததும் முதலில் செய்தது கல் கொட்டுவது. சாலையும் கட்டடங்களும் தப்பின. ஆனால் மணற்சரிவில் ஏறும் அலை தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும், கல்லில் மோதும் அலை இழக்காது. திரும்பி அடித்துக் கல்லின் காலடியைத் தோண்டும். காலடி ஆழமானால் அடுத்த அலை இன்னும் பெரிதாக வந்து அடிக்கும். அதனால்தான் கொட்டிய கல் அமிழ்ந்து, மேலும் மேலும் கொட்ட வேண்டி வருகிறது. 2022 மார்ச்சில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வின்போது பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததை ஊர் பார்த்தது.

நகரத்துக்கு முன்னால் கல் வந்ததும் அரிப்பு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கும் கல் வந்தது. அதைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அங்கே வீடுகள் விழத் தொடங்கியதும் தூண்டில் வளைவு போட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு அது. அதுவும் சிறிய அளவில் ஒரு துறைமுகச் சுவர்தான். தெற்குப் பக்கம் மணலைப் பிடித்து வைக்கும், வடக்குப் பக்கம் பட்டினி போடும். தந்திராயன்குப்பத்துக்குக் கொஞ்சம் கரை கிடைத்தது. சின்ன முதலியார்சாவடியிலும் அதற்கு அப்பாலும் கரை போனது. பிறகு பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி. ஒவ்வொரு ஊரும் தனக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று மறியல் செய்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுச் சுவரில் அலை மோதும் இரவில் வடக்கே இருக்கும் ஊரைப் பற்றி யோசிக்கச் சொல்வது நியாயமில்லை. அதை யோசிக்க வேண்டியவர்கள் வேறு.

யோசிப்பதில் சிக்கல் இருப்பது நிலப்படத்தில். தெற்கிலிருந்து வரும் ஒரு மணல் துகளின் வழியைப் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம், தாழங்குடா: தமிழ்நாடு. மூர்த்திக்குப்பம், பன்னித்திட்டு, நல்லவாடு, வீராம்பட்டினம், பிறகு நகரம்: புதுச்சேரி. தந்திராயன்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை: மறுபடி தமிழ்நாடு. காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம்: மறுபடி புதுச்சேரி. அதற்கு வடக்கே கூனிமேடு, மரக்காணம்: மறுபடி தமிழ்நாடு. ஒரே மணல் ஓட்டத்தின் மேல் இரண்டு அரசுகளின் எல்லைக் கோடுகள் மாறி மாறி விழுகின்றன. துறைமுகம் ஓர் அரசின் கையில், அதனால் கரை இழக்கும் ஊர்கள் இன்னோர் அரசின் கையில்.

சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியக் கரை முழுவதையும் அளந்தது. நாடு முழுவதும் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. தமிழ்நாட்டில் 41 சதவீதம். புதுச்சேரியில் 57 சதவீதம்.

ஒரு கைப்பிடி மணல்

பெருங்காற்று ஓய்ந்த மறுநாள் கரைக்குப் போனால், மணலில் கறுப்புப் பட்டைகள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். எண்ணெய்க் கசிவு என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் தனித்தனித் துகள்களாகப் பளபளக்கும். நடுநடுவே பழுப்புச் சிவப்பாகக் கண்ணாடிபோல் மின்னுபவை கார்னெட். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் ஓட்டினால் சில துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும், அவை மேக்னடைட். சாதாரண வெள்ளை மணல் குவார்ட்ஸ். அதன் அடர்த்தி நீரைவிட 2.65 மடங்கு. இல்மனைட்டுடையது நாலரை மடங்குக்கும் மேல். அலை வேகமாக அடிக்கும்போது, முறத்தில் புடைப்பதுபோல, லேசானது பறந்துவிடும், கனமானது தங்கிவிடும். ஆகவே கறுப்புப் பட்டை தடிமனாகத் தெரிகிற இடத்தில் வெள்ளை மணல் அப்போதுதான் வெளியேறியிருக்கிறது என்று பொருள்.

அப்படிப் புயலில் வெளியேறும் மணல் பெரும்பாலும் தொலைந்து போவதில்லை. சற்று ஆழத்தில் நீருக்கடியில் திட்டாகப் படிந்திருக்கும். தை, மாசியில் கடல் அடங்கியதும் மெல்லிய அலைகள் அதைக் கரைக்குத் திருப்பி ஏற்றும். ஒரே இடத்தைக் கார்த்திகையிலும் பங்குனியிலும் படம் எடுத்து ஒப்பிட்டால் அகலம் மாறியிருப்பதற்கு இதுதான் காரணம். புயல் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறது. சுவர் தடுத்த மணல் தானாகத் திரும்புவதில்லை.

இந்த மணல் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கடலை விட்டு மேற்கே ஏற வேண்டியிருக்கும். கார்னெட்டும் இல்மனைட்டும் உள்நாட்டுப் பாறைகளில் இருந்தவை. பாறை சிதைந்து ஆற்றில் உருண்டு வந்தவை. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து கடலூரில் கடல் சேர்கிறது. கெடிலம், பரவனாறு, செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி என்று இன்னும் பல ஆறுகள் இந்தக் கரைக்கு மணல் ஊட்டியவை. 1950-களில் தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளும் சங்கராபரணியில் வீடூர் அணையும் வந்தன. பாசனத்துக்கு அவை அவசியம். ஆனால் அணைக்குப் பின்னால் நீரோடு மணலும் தேங்குகிறது. அணைக்குக் கீழே எஞ்சிய ஆற்று மணலைப் பல பத்தாண்டுகளாக லாரியில் அள்ளிக் கட்டடமாக்கிவிட்டோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. கடலூர் வரை தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அந்தத் துயரத்தின் நடுவே ஆறு தன் பழைய வேலையையும் கொஞ்சம் செய்தது, மணலை முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்தது. இப்போது அத்தகைய பெருவெள்ளம் வந்தால்தான் கடலுக்கு மணல் கிடைக்கிறது என்ற நிலை.

கரை போனால் அதோடு என்னென்ன போகிறது என்பதை மீனவக் குப்பங்களில் பார்க்கலாம். படகை ஏற்ற இடமில்லாததால் பைபர் படகுகளை வேறு ஊர்க் கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கரைவலை இழுக்க நீண்ட மணல் வேண்டும், கல்லில் வலை கிழியும். கருவாடு காயவைக்கும் பெண்கள் தார்ச்சாலை ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். மணல் மேட்டில் படரும் அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் போனால் மணலைப் பிடித்து வைக்க வேரில்லை. மணல் மேட்டுக்கு அடியில் மழைநீர் ஊறிக் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். அந்த மேடு கரைந்தால் கைப்பம்பில் உப்பு ஏறும். தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குக் கல்லில் ஏறத் தெரியாது. மாசி மகத்துக்குப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் வைத்திக்குப்பத்தில் கூட்டத்தை நெருக்குவது கற்குவியல்தான்.

திரும்பிய மணல்

2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் பிரம்மாண்டமான எஃகு அமைப்பு ஒன்றை இறக்கியது. வெளியே தெரியாது. மேலே ஓடும் அலை அதில் உரசி முன்கூட்டியே முறிகிறது, வேகம் குறைகிறது, மணல் கரைக்கு முன்னால் படிகிறது. ஓராண்டுக்குள் காந்தி சிலைக்கு வடக்கே மணல் சேர்ந்து மக்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். கல்லைக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ நல்ல வழி. மணல் திரும்ப முடியும் என்று ஒரு தலைமுறைக்குக் கண்ணால் காட்டியது. ஆனாலும் இந்த அமைப்பு மணலை உண்டாக்குவதில்லை, வருவதைத் தங்க வைக்கிறது. துறைமுகத்தைத் தாண்டி வரும் மணலின் அளவு கூடாமல் நகரத்தின் முன்னால் மட்டும் அதிகம் தங்கினால், வடக்கே போவது இன்னும் குறையும். நகரத்துக்குக் கடற்கரையும் பொம்மையார்பாளையத்துக்கு இடிந்த வீடுகளும் என்று முடிந்தால் அதை வெற்றி என்று ஏற்க முடியாது.

மணல் அளவைக் கூட்ட வழி உண்டு, அது செயல்பட்டும் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்தில் 1960-களில் சுவர்களை நீட்டினார்கள். அங்கும் மணல் வடக்கே போவது, அங்கும் ஆறு மாநில எல்லையில். தெற்கே நியூ சவுத் வேல்ஸில் மணல் தேங்கியது, வடக்கே குயின்ஸ்லாந்தின் கோல்டு கோஸ்ட் கடற்கரைகள் கரைந்தன. இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி, சட்டமாக்கி, செலவைப் பகிர்ந்துகொண்டு, 2001 முதல் பம்பு வைத்து மணலை ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகின்றன. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். நம் கரையின் ஓட்டத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுதான்.

இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் மட்டம், பசுமைக்குடில் வாயுக்களின் வெளியேற்றம் நன்கு குறைந்தால் 28 முதல் 55 சென்டிமீட்டரும், மிக அதிகமாகத் தொடர்ந்தால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையும் உயரும் என்று பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2021 அறிக்கையில் கணித்தது. மணல் உள்ள கரை அதற்கு ஏற்பப் பின்வாங்கி, உயர்ந்து, தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். கல் கரைக்கு அந்தத் திறன் கிடையாது.

புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தை எப்படியும் தூர்வாரித்தான் ஆக வேண்டும். மணல் அடைத்தால் விசைப்படகுகள் தரைதட்டுகின்றன, சில படகுகள் கவிழ்ந்தும் இருக்கின்றன. ஆகவே மணலை எடுக்கும் செலவு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. அந்த மணல் எவ்வளவு, அது எந்தக் கரையில் கொட்டப்படும் என்ற இரண்டு விவரங்களும் வேலை தொடங்கும் முன்பே, புதுச்சேரி மக்களுக்கு மட்டுமின்றித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பஞ்சாயத்தார் கைக்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கொட்டும் இடத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.